விளம்பரம் வரட்டும், பின்தொடர வேண்டாம்: பிரவுசரை அமைத்துக்கொள்ளும் முறை

இணையதளங்களில் விளம்பர டேக் (விளம்பரத்தைக் கொண்டுவரும் சிறு நிரல்) பொருத்துவது பல வருடங்களாக என் தொழிலாக இருந்தது. பக்கத்தின் எந்த மூலையில் எந்த ஸ்கிரிப்ட் உட்காரும், அது யாருக்குத் தகவல் அனுப்பும், எந்த பிரவுசரில் அதன் வாய் அடைபடும் என்பதெல்லாம் அந்த வேலையில் தினமும் கண்ணில் படும். அதனால் பிரவுசர் செட்டிங்ஸில் எந்த சுவிட்ச் உண்மையிலேயே வேலை செய்கிறது, எது பார்வைக்கு மட்டும் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விளம்பரத்தோடு எனக்குச் சண்டை கிடையாது. காசு கேட்காமல் எழுதும் தளங்கள் அதில்தான் ஓடுகின்றன. சைக்கிள் பற்றிய கட்டுரைக்குப் பக்கத்தில் சைக்கிள் விளம்பரம் வருவதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஒரு தளத்தில் நான் படித்தது இன்னொரு தளத்தில் இருப்பவருக்கு எப்படித் தெரிகிறது என்பதுதான் என் கேள்வி. மருந்தைப் பற்றியோ கடனைப் பற்றியோ விவாகரத்தைப் பற்றியோ ஒருவர் தனியாக உட்கார்ந்து தேடுகிறார். அதை முன்பின் தெரியாத நிறுவனங்கள் கோப்பு போட்டுச் சேர்ப்பது அநியாயம். விளம்பரத்தையும் இந்தப் பின்தொடர்தலையும் தனித்தனியாகப் பிரிக்க முடியும். பிரவுசரில் அதற்கு இரண்டு கைப்பிடிகள் இருக்கின்றன: தளங்கள் உங்கள் பிரவுசரில் வைக்கும் சின்னக் குறிப்பான குக்கியைப் பூட்டுவது, விளம்பரத்தைத் தடுக்கும் பிளாக்கர். முதலாவதை எப்போதும் இறுக்கி வையுங்கள், இரண்டாவதைத் தளத்துக்குத் தளம் தளர்த்துங்கள். முழு முறையும் இவ்வளவுதான்.

பிரவுசருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது

செட்டிங்ஸைத் திறப்பதற்கு முன் இதைப் பாருங்கள். பிரவுசரை இலவசமாகத்தான் தருகிறார்கள், ஆனால் செய்பவர்களுக்கு எங்கிருந்தோ வருமானம் வருகிறது. முன்கூட்டியே எந்த சுவிட்ச் போடப்பட்டிருக்கிறது என்பதில் அந்த வருமானம் தெரியும்.

குரோம் கூகுளுடையது. கூகுளின் பெரும்பகுதி வருமானம் விளம்பரம். சஃபாரி ஆப்பிளுடையது. ஆப்பிள் முக்கியமாகக் கருவி விற்கிறது, ஆனாலும் சஃபாரியின் தேடல் பெட்டியில் கூகுள் இருப்பதற்காக 2022-ல் மட்டும் கூகுள் ஆப்பிளுக்குச் சுமார் 2,000 கோடி டாலர் கொடுத்தது என்று அமெரிக்க நீதிமன்ற வழக்கில் வெளிவந்தது. ஃபயர்பாக்ஸைச் செய்யும் மொசில்லாவின் வருமானத்திலும் பெரும்பங்கு கூகுள் தேடலிலிருந்துதான் வருகிறது. ஆக, விளம்பரப் பணம் தொடாத பெரிய பிரவுசர் எதுவும் இல்லை. எவ்வளவு தொடுகிறது என்பதில்தான் வித்தியாசம்.

குக்கி 1994-ல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் நிறுவனத்தில் லூ மொன்டுல்லி செய்தது. ஒரு தளம் உங்களை அடுத்த பக்கத்திலும் அடையாளம் காண வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. பக்கத்துக்குள் வந்து உட்காரும் வேறு நிறுவனங்களும் குக்கி வைக்கலாம் என்றானபோது அது வேவு பார்க்கும் கருவியானது. தேர்ட் பார்ட்டி குக்கி என்பது இதுதான். சஃபாரி 2020 மார்ச்சில் இதை முழுவதும் அடைத்தது. ஃபயர்பாக்ஸ் 2022 ஜூனில், ஒவ்வொரு தளத்தின் குக்கியையும் தனிப் பெட்டியில் பூட்டும் முறையை எல்லாருக்கும் கொண்டுவந்தது. ஒரு தளத்தில் வைத்த குக்கியை அடுத்த தளத்தில் எடுக்க முடியாது.

குரோமின் கதை வேறு. இரண்டு வருடத்தில் நிறுத்திவிடுவோம் என்று 2020 ஜனவரியில் சொன்னார்கள். அது 2023 ஆனது, பிறகு 2024, பிறகு 2025. 2024 ஜூலையில் நிறுத்தப் போவதில்லை என்றார்கள். குக்கிக்குப் பதிலாகக் கொண்டுவந்த பிரைவசி சாண்ட்பாக்ஸில் பெரும்பாலானவற்றை 2025 அக்டோபரில் கைவிட்டார்கள்.

இதை கூகுளின் சுயநலம் என்று மட்டும் சொல்லி முடிப்பது நியாயமில்லை. பிரிட்டனின் போட்டி ஒழுங்குமுறை ஆணையம் 2021-லேயே விசாரணையைத் தொடங்கியது. குக்கியை எடுத்துவிட்டால் சிறிய விளம்பர நிறுவனங்கள் குருடாகும், ஜிமெயிலும் யூடியூபும் தேடலும் கையில் வைத்திருக்கும் கூகுள் இன்னும் பலமாகும் என்பது அவர்கள் கவலை. அதில் உண்மை இருக்கிறது. அந்த இழுபறியில் வாசகர் பக்கம் பேச மேசையில் ஆள் குறைவாக இருந்தது என்பதுதான் என் வருத்தம். அதனால் நம் வேலையை நாமே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் கண்ணால் பாருங்கள்

கணினியில் குரோமோ ஃபயர்பாக்ஸோ திறந்து, நீங்கள் அடிக்கடி படிக்கும் செய்தித் தளம் ஒன்றுக்குப் போங்கள். எஃப்12 அழுத்தினால் டெவலப்பர் டூல்ஸ் திறக்கும். அதில் நெட்வொர்க் என்ற டேபைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பக்கத்தை ரீலோட் செய்யுங்கள். வரிகள் மளமளவென்று ஓடும். அந்தத் தளத்தின் பெயர் இல்லாத முகவரிகளை மட்டும் பாருங்கள். அவற்றில் பிக்சல், சிங்க், கலெக்ட் போன்ற சொல் உள்ள ஒரு வரியைக் கிளிக் செய்யுங்கள்.

பல சமயம் அது ஒரு படமாக இருக்கும். அகலம் ஒரு புள்ளி, உயரம் ஒரு புள்ளி, நிறமே இல்லாத படம். அளவு ஐம்பது பைட்கூட வராது. படத்தை யாரும் பார்க்கப் போவதில்லை, அதைக் கேட்டு அனுப்பும் முகவரிதான் விஷயம். கேள்விக்குறிக்குப் பிறகு நீளமாக ஓடுகிறதே, அதை மெதுவாகப் படியுங்கள். நீங்கள் இருக்கும் பக்கத்தின் முழு முகவரி, எங்கிருந்து வந்தீர்கள், திரையின் அகலம் உயரம், பிரவுசரின் மொழி, கடைசியில் உங்களுக்கென்று கொடுத்த நீண்ட எண். சிங்க் என்று வரும் வரி இன்னும் மோசம். இரண்டு நிறுவனங்கள் உங்களுக்குத் தனித்தனியாகக் கொடுத்த எண்களை ஒப்பிட்டு, இவரும் அவரும் ஒரே ஆள் என்று அங்கே முடிவு செய்துகொள்கின்றன. நீங்கள் கட்டுரையின் முதல் வரியைப் படிப்பதற்குள் இது முடிந்துவிடும்.

இதை ஒருமுறை பார்த்தவருக்குக் கீழே சொல்வதற்கெல்லாம் விளக்கம் தேவைப்படாது.

முதல் கைப்பிடி: குக்கியைப் பூட்டுவது

குரோமில் வலது மேல்மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு, செட்டிங்ஸ், அதில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதில் தேர்ட் பார்ட்டி குக்கீஸ். வழக்கமாக இன்காக்னிட்டோவில் மட்டும் தடுப்பது போல அமைந்திருக்கும். அதை எப்போதும் தடுக்கும்படி மாற்றுங்கள். ஆண்ட்ராய்டு குரோமிலும் செட்டிங்ஸில் இதைத் தேடுங்கள். பக்கத்திலேயே ஆட் பிரைவசி என்று ஒன்று உங்கள் பதிப்பில் இன்னும் இருந்தால், உள்ளே போய் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

குரோம் பயன்படுத்துபவர்கள் இதோடு நின்றால் பாதி வேலைதான் முடியும். குரோமில் கூகுள் கணக்கோடு உள்நுழைந்து, எல்லாக் கருவியிலும் ஒரே விவரம் தெரியச் செய்யும் சிங்க் வசதியைப் போட்டிருந்தால், நீங்கள் போகும் தளங்களின் வரலாறு குக்கி இல்லாமலே கணக்குக்குப் போய்ச் சேரும். கூகுள் கணக்கைத் திறந்து, டேட்டா அண்ட் பிரைவசி பகுதியில் வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டியைப் பாருங்கள். அதற்குள் குரோம் வரலாற்றையும் சேர்த்துக்கொள் என்கிற மாதிரி ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். பழையதை அழிக்க ஆட்டோ டெலீட் உண்டு. மூன்று மாதம், பதினெட்டு மாதம், முப்பத்தாறு மாதம் என்று மூன்று கால அளவுகள். மூன்று மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்.

சஃபாரியில் செய்ய அதிகம் இல்லை. பிரிவென்ட் கிராஸ்-சைட் டிராக்கிங் போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஸ்கிரிப்ட் வைக்கும் குக்கியை, நீங்கள் அந்தத் தளத்தைத் தொடாவிட்டால், ஏழு நாளில் சஃபாரி அழித்துவிடும். இது எவ்வளவு வலுவான ஏற்பாடு என்பதை நான் அறிக்கைகளில் பார்த்திருக்கிறேன். பத்து நாளைக்கு ஒருமுறை வரும் பழைய வாசகர்கள் சஃபாரியில் ஒவ்வொரு தடவையும் புது ஆளாகத் தெரிவார்கள், புதிய வாசகர் எண்ணிக்கை ஊதிக் கிடக்கும். விற்பனைப் பிரிவு சந்தோஷப்படும், நாங்கள் விளக்கம் எழுதிக்கொண்டிருப்போம். அட்வான்ஸ்டு பகுதியில் விளம்பர அளவீட்டுக்கென்று ஒரு சுவிட்ச் உண்டு. எந்த விளம்பரத்திலிருந்து விற்பனை நடந்தது என்பதை ஆளை அடையாளம் காட்டாமல் சொல்லும் ஏற்பாடு அது. நான் அதைப் போட்டே வைத்திருக்கிறேன். விளம்பரதாரருக்குத் தன் காசு எங்கே போனது என்று தெரிய வேண்டியது நியாயம்தான். உங்களுக்கு மனம் ஒப்பவில்லை என்றால் அணைத்துவிடலாம்.

ஃபயர்பாக்ஸில் பிரைவசி பகுதியில் ஸ்டாண்டர்டு, ஸ்டிரிக்ட், கஸ்டம் என்று மூன்று நிலைகள். ஸ்டிரிக்ட்தான் நல்லது என்று பலரும் எழுதுகிறார்கள், எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. குக்கியைப் பெட்டியில் பூட்டுவது ஸ்டாண்டர்டிலேயே நடந்துவிடுகிறது. ஸ்டிரிக்ட், தெரிந்த டிராக்கர்களின் ஸ்கிரிப்டையே நிறுத்துகிறது. அதோடு பல விளம்பரங்களும் போய்விடும், சில தளங்களின் வீடியோவும் பின்னூட்டமும்கூட. நீங்கள் ஆதரிக்க நினைக்கும் தளம் என்று அதற்குத் தெரியாது. ஸ்டாண்டர்டும் ஒரு பிளாக்கரும் சேர்ந்தால் கட்டுப்பாடு உங்கள் கையில் இருக்கும். ஆபத்தான வேலையில் இருப்பவர், பத்திரிகையாளர், யாரோ தன்னைத் தேடுகிறார்கள் என்று பயப்படுபவர் மட்டும் தயங்காமல் ஸ்டிரிக்டுக்குப் போகட்டும். அப்புறம், ஃபயர்பாக்ஸின் ஹோம் பகுதியில் ஸ்பான்சர்டு ஷார்ட்கட்டுகள் இருக்கும். முகவரிப் பட்டியிலும் ஸ்பான்சர் பரிந்துரைகள் வரலாம். இரண்டையும் அணைக்கலாம்.

எட்ஜில் டிராக்கிங் பிரிவென்ஷன் பேலன்ஸ்டில் இருக்கும். அங்கேயே உங்கள் பிரவுசிங் விவரங்களை விளம்பரத்துக்கும் தேடலுக்கும் மைக்ரோசாஃப்ட் பயன்படுத்தலாமா என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது, அதைத் தேடி அணையுங்கள். பிரேவ் என்ற பிரவுசரில் டிராக்கரைத் தடுக்கும் கேடயம் முதலிலேயே போட்டிருக்கும். புது டேபில் வரும் ஸ்பான்சர் படத்தை வேண்டாமென்றால் நிறுத்தலாம், வேறு ஒன்றும் செய்ய வேண்டாம்.

இரண்டாவது கைப்பிடி: பிளாக்கர்

பிளாக்கர் என்றால் நான் சொல்வது யூபிளாக் ஆரிஜின் என்ற எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல். ஃபயர்பாக்ஸில் அது முழு பலத்தோடு ஓடும், ஆண்ட்ராய்டு ஃபயர்பாக்ஸிலும்கூட. குரோம் தன் எக்ஸ்டென்ஷன் விதிகளை மேனிஃபெஸ்ட் வி3 என்று மாற்றிய பிறகு பழைய யூபிளாக் அங்கே வேலை செய்வதில்லை. பிளாக்கரே ஒவ்வொரு கோரிக்கையையும் பார்த்து முடிவெடுத்த காலம் போய், முன்கூட்டியே கொடுத்த பட்டியலை வைத்து பிரவுசர் முடிவெடுக்கிறது. யூபிளாக் ஆரிஜின் லைட் என்பது அதற்கேற்ப எழுதியது. சாதாரணப் பயன்பாட்டுக்கு அதுவும் உதவும்.

பெயரைச் சரிபார்த்து இன்ஸ்டால் செய்யுங்கள். கிட்டத்தட்ட அதே பெயரில் வேறு எக்ஸ்டென்ஷன்கள் உலவுகின்றன. எக்ஸ்டென்ஷன் ஒன்றுக்கு அனுமதி கொடுத்தால் நீங்கள் திறக்கும் எல்லாப் பக்கத்தையும் அதனால் படிக்க முடியும். பாதுகாப்புக்கென்று மக்கள் நம்பிப் போட்ட அவாஸ்டின் எக்ஸ்டென்ஷனும் ஆன்டிவைரஸும் பிரவுசிங் விவரத்தைச் சேகரித்தன, அதன் துணை நிறுவனம் அதை விற்றது. 2024-ல் அமெரிக்க வணிக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. ஒரே ஒரு பிளாக்கர் போதும். மூன்று நான்கு அடுக்குவது ஆபத்தைத்தான் கூட்டும்.

இப்போது இரண்டு கைப்பிடியையும் சேர்த்துப் பாருங்கள். உங்களுக்குப் பிடித்த தளத்துக்குப் போய், யூபிளாக் ஐகானைத் தொட்டு, பெரிய பவர் பட்டனை அணையுங்கள். ரீலோட் செய்தால் விளம்பரம் வரும், தளத்துக்கு வருமானமும் போகும். ஆனால் முதல் கைப்பிடி இறுகியே இருப்பதால், அந்த விளம்பரத்தை அனுப்பிய நிறுவனம் தன் குக்கியை அடுத்த தளத்தில் காண முடியாது. நீங்கள் படிக்கும் கட்டுரைக்கேற்ற விளம்பரமாக வர வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்ட விளம்பரத்தில் காசு வராது என்று எங்கள் தொழிலில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். நெதர்லாந்தின் பொது ஒளிபரப்புக்கு விளம்பரம் விற்கும் ஸ்டெர் 2020 தொடக்கத்தில் டிராக்கிங் குக்கியை விட்டது. அந்த முதல் மாதங்களில் அதன் இணைய விளம்பர வருமானம் முந்தைய வருடத்தைவிடக் கூடியது.

விளம்பரம் பக்கத்தையே மூடி, மூடும் பட்டனை ஒளித்து, தானாகச் சத்தம் போடும் தளங்களுக்கு நான் பிளாக்கரை அணைப்பதில்லை. அதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

குக்கி இல்லாமலே பிடிப்பது

குக்கி அடைபட்டதும் விளம்பரத் தொழில் ஓய்ந்துவிடவில்லை. மூன்று வழிகள் திறந்தன.

ஒன்று ஃபிங்கர்பிரிண்டிங். திரை அளவு, எழுத்துருக்கள், கிராபிக்ஸ் கார்டு வரையும் விதம், நேர மண்டலம் என்று சின்னச் சின்ன விவரங்களைச் சேர்த்தால் பல பிரவுசர்கள் உலகில் ஒன்றே ஒன்றாகத் தெரிந்துவிடும். எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் 2010-ல் நடத்திய ஆய்வில் வந்த பிரவுசர்களில் 83.6 சதவீதம் தனித்து நின்றன. கவர் யுவர் டிராக்ஸ் என்ற அவர்களுடைய சோதனைப் பக்கம் இன்றும் இருக்கிறது, போய்ப் பாருங்கள். இதற்கு முழு மருந்து சாதாரண பிரவுசரில் இல்லை. சஃபாரியின் அட்வான்ஸ்டு பகுதியில் ஃபிங்கர்பிரிண்டிங் தடுப்பை எல்லா பிரவுசிங்குக்கும் என்று மாற்றலாம், பிரேவும் ஃபயர்பாக்ஸ் ஸ்டிரிக்டும் ஓரளவு தடுக்கும். அபூர்வமான எழுத்துருக்களையும் எக்ஸ்டென்ஷன்களையும் குவிக்காதீர்கள், கூட்டத்தில் தனியாகத் தெரிவீர்கள்.

இரண்டாவது லிங்க். சமூக ஊடகத்திலிருந்தோ கூகுள் விளம்பரத்திலிருந்தோ ஒரு பக்கத்தைத் திறந்தால் முகவரியின் வாலில் எஃப்-பி-சி-எல்-ஐ-டி என்றோ ஜி-சி-எல்-ஐ-டி என்றோ தொடங்கி நீண்ட குப்பை ஒட்டியிருக்கும். அது உங்கள் கிளிக்கின் அடையாளம். நண்பருக்கு அனுப்பும் முன் கேள்விக்குறியிலிருந்து அழித்துவிட்டு, பக்கம் திறக்கிறதா என்று பாருங்கள். கட்டுரைப் பக்கங்களில் பெரும்பாலும் திறக்கும். ஃபயர்பாக்ஸில் வலது கிளிக் செய்தால் சுத்தமான லிங்கை காப்பி செய்யும் வசதியும் உண்டு.

மூன்றாவதுதான் இன்று பெரிது: உங்கள் மின்னஞ்சல். பல தளங்கள் இலவசமாகவே இருந்தும் உள்நுழையச் சொல்வது ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? நீங்கள் கொடுக்கும் முகவரியை ஒரு கணக்கின்படி அடையாளம் தெரியாத நீண்ட எழுத்துச் சரமாக மாற்றுவார்கள். பெயர் தெரியாது, அதனால் பாதுகாப்பு என்பார்கள். ஆனால் அதே முகவரியை அடுத்த தளத்தில் கொடுத்தாலும் அதே சரம்தான் வரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஆள் கிடைத்துவிட்டது. எந்த குக்கித் தடுப்பும் இதைத் தொடாது. ஆப்பிளின் ஹைடு மை இமெயில், ஃபயர்பாக்ஸ் ரிலே, டக்டக்கோ இமெயில் புரொடெக்ஷன் ஆகிய மூன்றும் தளத்துக்கு ஒரு மாற்று முகவரி தரும். வங்கிக்கும் அரசு வேலைக்கும் உண்மையான முகவரி, மற்ற எல்லாவற்றுக்கும் மாற்று முகவரி என்று பழகிக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

நம்ப வேண்டாதவை

டூ நாட் டிராக் சுவிட்ச். யாரையும் கட்டுப்படுத்தாத வேண்டுகோள் அது. சஃபாரி 2019-ல் எடுத்துவிட்டது, ஃபயர்பாக்ஸ் 2025-ல். இன்னும் எங்காவது கண்டால் அதை நம்பி உட்கார வேண்டாம். அதற்குப் பின் வந்த குளோபல் பிரைவசி கன்ட்ரோலுக்கு கலிபோர்னியா போன்ற சில இடங்களில் சட்ட பலம் இருக்கிறது. அதை மதிக்காதது உட்பட காரணங்களுக்காக 2022-ல் செஃபோரா என்ற அழகுசாதன நிறுவனம் 12 லட்சம் டாலர் கட்டியது. ஃபயர்பாக்ஸில் என் விவரத்தை விற்காதே என்று தளங்களுக்குச் சொல்லும் டிக்தான் இது, போட்டுவிடுங்கள். பிரேவிலும் டக்டக்கோ பிரவுசரிலும் முதலிலேயே போட்டிருக்கும்.

இன்காக்னிட்டோ, வீட்டில் அதே கணினியைப் பயன்படுத்துபவரிடமிருந்து வரலாற்றை மறைக்கும். தளங்களிடமிருந்து மறைக்காது. இதைப் பற்றி 2020-ல் தொடங்கிய வழக்கில் கூகுள் 2024-ல் சமரசத்துக்கு வந்து, சேர்த்த விவரங்களை அழிக்க ஒப்புக்கொண்டது.

ஏதாவது உடைந்தால்

பணம் கட்டும் பக்கமோ வேறு கணக்கு வழியாக உள்நுழையும் பக்கமோ சுற்றிக்கொண்டே நின்றால் பதறி எல்லாவற்றையும் அணைக்காதீர்கள். முதலில் பிளாக்கரை அந்தத் தளத்துக்கு மட்டும் அணைத்து ரீலோட் செய்யுங்கள். சரிவராவிட்டால் முகவரிப் பட்டியின் ஓரத்தில் இருக்கும் ஐகானுக்குப் போங்கள். ஃபயர்பாக்ஸில் கேடயம், குரோமில் கண் போன்ற படம். அங்கே அந்தத் தளத்துக்கு மட்டும் குக்கித் தடுப்பைத் தளர்த்தி, வேலை முடிந்ததும் திரும்பப் போட்டுவிடுங்கள்.

பெரிய அப்டேட் வந்த பிறகு பிரைவசி பக்கத்தை ஒருமுறை எட்டிப் பாருங்கள். புது சுவிட்சுகள் சத்தமில்லாமல் வந்து சேரும், போட்ட நிலையிலேயே வரும். 2024 ஜூலையில் ஃபயர்பாக்ஸ் 128 விளம்பர அளவீட்டு வசதி ஒன்றை இப்படித்தான் போட்டு அனுப்பியது. எண்ணம் நல்லதாகவே இருந்தது, ஆனால் கேட்கவில்லை என்று ஆஸ்திரியாவின் நொய்ப் (noyb) என்ற தனியுரிமை அமைப்பு புகார் கொடுத்தது. ஃபயர்பாக்ஸே அப்படிச் செய்யுமென்றால் மற்றவற்றில் இன்னும் கவனமாகப் பாருங்கள்: புதிதாகத் தெரியும் வரியில் ஆட்ஸ், மெஷர்மென்ட், பர்சனலைஸ் என்ற மூன்றில் ஏதாவது இருந்தால், அது யாருக்கு என்ன அனுப்புகிறது என்று படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.